இயந்திரம் வருமுன் காணி வரட்டும்

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில் அண்மையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நிறுவைக்காகக் காத்து நின்ற பெண்கள், ஒருவர் கையிலிருந்த தொலைபேசியைச் சூழ்ந்து நின்று எதையோ பார்த்துக் கொண்டிருந்தனர். யப்பான் நாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் காட்சி அது. இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் இயந்திரமொன்று, ஒரு நிரை முழுவதையும் கண் இமைக்கும் நேரத்தில் சிரைத்துவிட்டுச் சென்றது.

“இதுக்கு அட்டையும் கடிக்காது, இடுப்பும் வலிக்காது” என்றார் ஒருவர்.

“சம்பளத்துக்குக் கொடி பிடிக்கவும் போகாது, அக்கா” என்றார் மற்றொருவர். எல்லோரும் சிரித்தனர்.

சிரிப்பு அடங்கியபின், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து எடுத்த ஓர் அம்மையார் எம் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஐயா, அந்த மெசின் வந்தா எங்க பேரு நின்னு போகும். பேரு நின்னா லயத்து வீட்டயும் கேப்பாங்களா?”

சட்டம் படித்த எமக்கு அக்கேள்விக்கு உடனே விடை கூற முடியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி எம்மைத் தொடர்ந்து வந்தது. இவ்வாரத் தலையங்கம் அதற்கு விடை காணும் முயற்சியே.

மடுவத்துப் பேச்சை வெறும் பொழுதுபோக்குப் பேச்சென்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் ஒரு நாளேனும் அங்கு நின்று கேட்டவர்களல்லர். அரிசி விலை முதல் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் நிலை வரை, நேற்றைய பாராளுமன்றப் பேச்சு முதல் நாளைய இயந்திரம் வரை அங்கு பேசப்படாத பொருள் இல்லை. இவற்றைப் பற்றிக் கொழும்பில் மாநாடு கூட்டுவோர், மேசைக்குச் சுற்றிலும் கம்பனிமாரையும் நிபுணர்களையும் அமர்த்துகின்றனர். கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியை அமர்த்துவதில்லை. ஆயினும் அந்த மாநாடுகளில் எழாத கேள்வி கொழுந்து மடுவத்திலே எழுந்திருக்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள முடிச்சைப் பற்றிய கேள்வி அது.

நாம் இயந்திரத்தின் பகைவரல்லர். செங்குத்தான மலையில், அட்டைகளுக்கும் மழைக்கும் நடுவே, தலையில் கயிறும் முதுகில் கூடையுமாகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சுமந்த பாரத்தை ஓர் இயந்திரம் குறைக்குமானால், அதனை வரவேற்பதே மனிதத் தன்மை. பாட்டி சுமந்த கூடையைப் பேத்தியும் சுமக்க வேண்டுமென்று எவரும் வேண்டமாட்டார். தொல்லை இயந்திரத்தில் இல்லை. அது யாருடைய கையில் வருகிறது, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதிலேதான் இருக்கிறது.

வரலாறு இதனைத் தெளிவாகவே காட்டுகிறது. 1811 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் நெசவுத் தொழிலாளர் தறிகளை உடைக்கத் தொடங்கினர். ஆட்சியாளர் என்ன செய்தனர்? தறியை உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டத்தை 1812 இல் நிறைவேற்றினர். அச்சட்டத்தை எதிர்த்துக் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையிலே தம் முதற் பேச்சை நிகழ்த்தினார்; அவர் பேச்சு எடுபடவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 2023 மே மாதத்தில், கென்யா நாட்டின் கெரிச்சோ தேயிலைப் பிரதேசத்திலே கிளர்ச்சி செய்தோர் கொழுந்து வெட்டும் இயந்திரங்களுக்குத் தீ மூட்டினர். இரண்டு நாடுகள், இரண்டு காலங்கள், காரணம் ஒன்றே. தம் வாழ்வை மாற்றும் முடிவு எடுக்கப்பட்ட இடத்தில் தமக்கு ஓர் ஆசனமும் இல்லை என்று கண்ட மக்கள், தீப்பெட்டியைத் தவிர வேறு வழி காணவில்லை. தீ வைத்தலை நாம் ஆதரிக்கவில்லை. எரிந்த இயந்திரத்தால் எந்தத் தொழிலாளியின் அடுப்பும் எரிந்ததில்லை. ஆயின் அந்நிலைக்கு மக்களைத் தள்ளியவர்களையும் நாம் குற்றமற்றவரென விடுவிக்க முடியாது.

எமது விவசாய நண்பர்களுக்கு இவ்விடயம் புதிதன்று. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அரிவி வெட்டுக் காலத்தில் கூலியாட்களை நாடி அலைந்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. வயலுக்குச் சொந்தக்காரர் மூச்சு விட்டார். ஏனெனில் வயல் அவருடையது, மிச்சமாகும் செலவும் அவருடையதே. அரிவாளோடு வந்த கூலியாள் என்னவானார் என்று எவரும் கேட்கவில்லை. ஓர் இயந்திரத்தின் நன்மை நிலம் உள்ளவனைத் தேடிச் செல்கிறது. அதன் தீமை நிலம் இல்லாதவனைத் தேடிச் செல்கிறது. இதனை விளங்கிக் கொள்ளப் பொருளாதார நூல் எதையும் புரட்ட வேண்டியதில்லை. வரம்பில் நின்று பார்த்தாலே போதும்.

இப்பொழுது மலைநாட்டுக்கு வருவோம். வயலில் கூலி வேலை இழந்தவருக்கு அவருடைய குடிசையாவது எஞ்சியிருந்தது. மலைநாட்டிலோ வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன. லயம் தோட்டத்தின் உடைமை. அதில் குடியிருப்பவர் அங்கு வேலை செய்பவர் என்ற தகுதியிலேயே குடியிருக்கிறார். வீட்டுக்கு ஒருவரேனும் தோட்டத்தில் பெயர் போட வேண்டும் என்ற வழக்கம் பல தோட்டங்களில் இன்றும் நிலவுகிறது. கடிதம் வந்தால் அது தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்தே லயத்துக்குச் செல்லும் நிலை பல இடங்களில் மாறவில்லை. உலகின் மறுகோடியில் நடப்பதைக் கணப்பொழுதில் காட்டும் தொலைபேசி ஒவ்வொரு காம்பிராவுக்கும் வந்துவிட்டது. அக்காம்பிராவுக்கென்று ஒரு முகவரி இன்னும் வந்து சேரவில்லை. விஞ்ஞானம் ஏறிய மலையில் நீதி ஏறவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்நிலை தானாக நேர்ந்ததன்று. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை இந்நாட்டின் செல்வமாக வளர்ந்தது. அதனை வளர்த்தவர்கள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 இல் சரிபாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. பங்கிடப்பட்டோரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரசாவுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது என்பது உண்மை. வாக்கு வந்தது, காணி வரவில்லை.

காணி கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் மறத்தற்கில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபொழுது, அவற்றில் உழைத்தோருக்கு ஒரு துண்டு நிலமும் உரித்தாகவில்லை. தோட்டக் காணிகளை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன், 1977 மே 11 ஆம் திகதி டெவன் தோட்டத்திலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையும் வழங்கப்பட்டது. கம்பனிகளுக்குக் குத்தகை கொடுக்கக் காணி இருந்தது. உழைத்தவனுக்கு உறுதி எழுதிக் கொடுக்க மட்டும் காணி இருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகளை ஏற்படுத்தி உயிர்களைக் கொண்டுபோயிற்று. சரிவிலே கட்டிய லயங்களில் வாழும் மக்களைப் பாதுகாப்பான இடத்தில் குடியேற்ற வேண்டுமென்று அப்பொழுது யாவரும் பேசினர். எங்கே குடியேற்றுவது என்று கேட்டால், மீண்டும் பழைய கேள்வியே வந்து நிற்கிறது: காணி எங்கே? சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காணியாகவே விரிந்து கிடக்கும் நாட்டில், காணி எங்கே என்று தேடுவதைப் போன்ற விந்தை வேறில்லை.

கம்பனிகளின் வாதத்தையும் நேர்மையோடு எடுத்து நோக்க வேண்டும். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலியாகவே செல்கிறது என்றும், இளைஞர் தோட்ட வேலையை விட்டு நகரங்களுக்குச் செல்வதால் கொழுந்தெடுக்க ஆள் இல்லை என்றும், ஆதலால் இயந்திரம் தவிர்க்க முடியாதது என்றும் அவர்கள் கூறுகின்றனர். ஆள் குறைவது உண்மை. ஆனால் ஏன் குறைகிறது? 2019 இன் கூட்டு ஒப்பந்தம் நாட்சம்பளத்தை 700 ரூபாவென நிர்ணயித்தது. ஆயிரம் ரூபாவுக்காகப் பல ஆண்டுகள் போராடி, 2021 மார்ச்சிலே சம்பள நிர்ணய சபையின் மூலமே அதனைப் பெற முடிந்தது. 2024 மே தினத்தை ஒட்டி 1,700 ரூபா அறிவிக்கப்பட்டபொழுது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டின் பிற்பகுதியில் 1,350 ரூபாவே அடிப்படைச் சம்பளமாயிற்று. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்திலே அது 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவாக உயருமென்றும், அதன்மேல் 200 ரூபா வரவு ஊக்கத் தொகையை அரசே வழங்குமென்றும் அறிவிக்கப்பட்டது. கூலியின் ஒரு பங்கை அரச கருவூலம் சுமக்க வேண்டிய அளவுக்கு ஒரு தொழில் வந்து நிற்குமானால், அத்தொழிலை விட்டு இளைஞர் ஓடுவதில் வியப்பென்ன? ஆளைத் துரத்திவிட்டு, ஆளில்லை என்று இயந்திரத்தை அழைப்பது நேர்மையான வாதமாகாது.

மேலும், இயந்திரம் எல்லா மலையிலும் ஏறிவிடாது. நுவரெலியா, திம்புலப் பகுதிகளின் செங்குத்தான சரிவுகளில் இருவர் பிடிக்கும் இயந்திரத்தைக் கொண்டு செல்வது எளிதன்று. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கை தெரிந்தெடுப்பதைக் கத்தி தெரிந்தெடுக்காது. கரட்டு இலையும் காம்பும் சேர்ந்தே விழும். உயர்நிலத் தேயிலையின் விலை அதன் தரத்தில் இருக்கிறது. தரமோ இப்பெண்களின் விரல் நுனியில் இருக்கிறது. இதனை அறிந்தவர்கள் அவர்களே. அவர்களைக் கேளாமல் மேலிருந்து பிறப்பிக்கப்படும் கட்டளை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு, 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்த கதை சாட்சி. அத்தடை அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கைவிடப்பட்டது. எனினும் 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடியாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தபொழுது முதலில் குறைந்தது தொழிலாளியின் பெயரே.

இனி, அம்மையாரின் கேள்விக்குச் சட்டம் தரும் விடையைப் பார்ப்போம். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, வேலையாட்களின் சேவையை முடிவுறுத்தும் சட்டம் ஒன்று இந்நாட்டில் உண்டு. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்கக் குற்றமல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதாயின், அவருடைய எழுத்து மூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளரின் அனுமதியையோ முன்கூட்டியே பெற வேண்டும். இயந்திரம் வந்ததென்பது ஒழுக்கக் குற்றமன்று. ஆகவே இச்சட்டம் தொழிலாளிக்குக் கேடயமாக நிற்கும். நல்ல சட்டம். ஆயின் அதற்கு ஒரு வாயில் திறந்து கிடக்கிறது. பன்னிரண்டு மாதங்களுள் 180 நாட்களுக்குக் குறைவாக வேலை செய்தவரை அது காப்பதில்லை.

எவரையும் நிறுத்தாமலே எல்லோரையும் நிறுத்தும் வழி இதுதான். வாரத்துக்கு ஆறு பெயர் கிடைத்தவளுக்கு மூன்று பெயர் கொடுத்தால் போதும். நிரந்தரப் பதிவில் உள்ளவரை ஓய்வுபெறவிட்டு, அவ்விடத்தைக் கைக்காசுக்கு வரும் ஆளைக்கொண்டு நிரப்பினால் போதும். அல்லது, குடும்பத்துக்கு இத்தனை செடியென்று மலையைப் பிரித்துவிட்டு, கொழுந்துக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும். இம்முறையில் வேலை செய்பவர் தொழிலாளியா, குத்தகைக்காரரா என்ற வழக்கே எழுந்துவிடும். தொழிலாளியென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்குப் பன்னிரண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மூன்றும் செலுத்தக் கடமைப்பட்டவர். பணிக்கொடையும் கொடுக்க வேண்டியவர். குத்தகைக்காரரென்றால் அவையாவும் மறைந்துவிடும், காணியும் சொந்தமாகாது. உரிமையாளனின் நட்டமும் கூலியாளின் வறுமையும் ஒரே தலையில் இறங்கும் ஏற்பாடு இது.

ஆகவே அம்மையாருக்கு நாம் கூறும் விடை இது: சட்டம் உங்களை நேராக வெளியேற்றாது, ஆனால் உங்கள் பெயர் தேய்ந்து தேய்ந்து மறைவதையும் அது தடுக்காது. வீடு உங்களுடையதாகாத வரையில் உங்கள் அச்சம் வீண் அச்சமன்று.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, வீட்டையும் வேலையையும் கட்டிய கயிற்றை அறுக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கும் அதைச் சுற்றிய காணிக்கும், கணவன் பெயரில் மட்டுமன்றி மனைவியின் பெயரும் சேர்த்து, நீதிமன்றத்தில் செல்லக்கூடிய உறுதி வழங்கப்பட வேண்டும். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த பத்தாயிரம் வீடுகளும் தேவையின் ஒரு பகுதியையே தொடும். பெருந்தோட்டங்களின் காணியில் மிகப் பெரும்பகுதி இன்றும் அரசினுடையதே. குத்தகைக்குக் கொடுத்த கை, உறுதி எழுதவும் கூடும். தரிசாகக் கிடக்கும் மலைகளைத் தேயிலைச் சிற்றுடைமையாகத் தொழிலாளருக்கே பகிர்ந்தளிக்கலாம். இந்நாட்டுத் தேயிலையின் பெரும்பங்கு தெற்கிலுள்ள சிற்றுடைமையாளரிடமிருந்தே இன்று வருகிறது. காலியிலும் மாத்தறையிலும் இயலுவது அட்டனில் மட்டும் ஏன் இயலாது? தன் செடிக்குத் தானே இயந்திரம் வாங்குவதா இல்லையா என்று தீர்மானிக்கும் பெண், அதனைக் கண்டு அஞ்சமாட்டாள்.

இரண்டாவதாக, எந்தத் தோட்டத்திலும் இயந்திரம் இறங்குமுன் தொழிற்சங்கங்களோடு எழுத்து மூல உடன்பாடு செய்யப்பட வேண்டும். எத்தனை பெயர் குறையும், மிச்சமாகும் செலவில் எவ்வளவு சம்பளத்துக்குச் சேரும் என்பன அதில் இருக்க வேண்டும். இயந்திரத்தைக் காட்டி நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கிலோவை உயர்த்துவதை ஒருபொழுதும் ஏற்கலாகாது. குறைக்கப்பட்ட நாட்களையும் சேவை முடிவாகக் கருதும் வண்ணம் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

மூன்றாவதாக, இயந்திரத்தை இயக்கும் பயிற்சி முதலில் பெண்களுக்கே அளிக்கப்பட வேண்டும். மலைநாட்டுப் பெண்ணுக்கு ஆணோடு சம சம்பளம் 1984 இல்தான் கிடைத்தது. கூடை பெண்ணுக்கு, இயந்திரம் ஆணுக்கு என்று பிரித்தால், அந்தச் சமத்துவம் பின்கதவால் பறிபோகும்.

நான்காவதாக, இலத்திரனியல் தராசு வருகிறதாயின் வரட்டும். ஆனால் அது காட்டும் நிறையும், தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் வெட்டும் கழிவும், தமிழில் அச்சிட்ட சீட்டாகத் தொழிலாளியின் கையில் அன்றன்றே சேர வேண்டும். கணக்கப்பிள்ளையின் பென்சில் செய்த அநீதியைத் தராசின் கண்ணாடி செய்தால் அது முன்னேற்றமன்று.

இறுதியாக எம்மவரை நோக்கி இரண்டொரு வார்த்தை.

தொழிற்சங்கத் தலைவர்களே, மாதந்தோறும் சந்தா பெறுகிறீர்கள். சம்பள மேடையில் முழங்குவது எளிது. இயந்திர உடன்பாட்டின் வாசகத்தை வரிவரியாகப் படித்துத் தொழிலாளிக்கு விளக்குவதே கடினம். அக்கடமையைச் செய்யுங்கள்.

வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே, காரியாலயங்களில் பணிபுரிவோரே, உங்களுட் பலர் லயத்துக் காம்பிராவிலிருந்து எழுந்து வந்தவர்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் பூட்டப்பட்டபொழுது, பாடம் கேட்கத் தொலைபேசியோடு குன்றேறி நின்ற பிள்ளைகள் உங்கள் உறவினரே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். சேமலாப நிதிக் கணக்கையும் வேலை நாட்களின் எண்ணிக்கையையும் பார்த்துக் குறித்துக் கொடுங்கள். அந்த 180 நாட்கள் எங்கே தேய்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பென்சிலும் ஒரு மனச்சாட்சியும் போதும்.

வடக்குக் கிழக்கு விவசாயப் பெருமக்களே, 1977 இன் வன்செயலுக்குப் பின் மலைநாட்டிலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்தவர்கள் உங்கள் வயல்களில் உழைத்தனர். அவர்களுட் பலருக்கு இன்றும் காணி உறுதி இல்லை. மலைநாட்டில் காணி கேட்கும் எம் குரலுக்கு வலுவேண்டுமாயின், கிளிநொச்சியில் அந்தக் கடனை நாம் முதலில் தீர்க்க வேண்டும். தன் வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவோரின் சொல் அம்பலம் ஏறாது.

இயந்திரம் வரத்தான் போகிறது. அதனைத் தடுப்பார் எவருமிலர். அது வரும் நாளில், அந்த அம்மையார் தம் சொந்த வீட்டு வாசலில் நின்று அதனைப் பார்க்க வேண்டும். தோட்டத்தின் லயத்து வாசலில் நின்று பார்ப்பாராயின், அடுத்து எந்தப் பொருளை முதலில் மூட்டை கட்டுவது என்றே எண்ணிக் கொண்டிருப்பார். அவர் எந்த வாசலில் நிற்பார் என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. நாமே தீர்மானிக்கிறோம்.